புதுச்சேரி–பெங்களூரு விமானம்: தூரம் கொஞ்சம்தான், நேரம் ஏன் அதிகம்?

விமான தூரம் என்பது இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள நேர்கோட்டு தூரம். புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு அது சுமார் 270 கி.மீ. சிறிய ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கி.மீ. வரை பறக்கும். வகுத்தால் அரை மணி நேரம்தான். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும்.

காரணம், டிக்கெட் நேரம் விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, பெங்களூரில் போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்கு முன் வேகம் குறைப்பது, பெங்களூரில் இறங்கும் வரிசைக்காக வானில் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான். கடலூர்–புதுச்சேரி பஸ்ஸும் அப்படித்தான்: 22 கி.மீ.தான், ஆனால் நிறுத்தங்களும் நெரிசலும் முக்கால் மணியைத் தின்றுவிடும்.

டிக்கெட்டில் உள்ளதுதான் மொத்தப் பயண நேரம் என்று பலர் நினைக்கிறார்கள்; உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள், கடலூரிலிருந்து கிளம்புகிறவர்கள் அதையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.