பரிசு இல்லாததால் 1871-இல் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் நடக்கவில்லை என்பது உண்மையா?

உண்மைதான். 1860-இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் எட்டே பேருடன் தொடங்கிய போட்டி இது. 12 குழி மைதானத்தை ஒரே நாளில் மூன்று சுற்று ஆடினார்கள். வில்லி பார்க் ஜெயித்தார். பரிசு, வெள்ளிக் கொக்கி வைத்த சிவப்புத் தோல் பெல்ட். தொடர்ந்து மூன்று முறை வென்றால் பெல்ட் அவருக்கே சொந்தம் என்று விதி. யாரால் முடியும் என்று நினைத்தார்களோ என்னவோ, 19 வயதே ஆன டாம் மாரிஸ் (இளையவர்) மூன்றாவது முறையும் வென்று 1870-இல் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதுவும் நல்லதுக்குத்தான். 1872-இல் பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பரோ கிளப்புகள் மூன்றும் செலவைப் பங்கிட்டு, இன்றும் புகழ்பெற்ற கிளாரெட் ஜக் கோப்பைக்கு ஏற்பாடு செய்தன. மைதானமும் மாறி மாறி வரத் தொடங்கியது. அந்த வருடமும் டாம்தான் ஜெயித்தார்! 1892-இல் போட்டி 72 குழிகளானது. பின்னாளில் ஆர்வம் குறைந்திருந்த அமெரிக்க வீரர்களை மறுபடி இழுத்து வந்தது, 1961, 1962-இல் வென்ற ஆர்னால்டு பால்மர்.