பவர் சீட் நகரவில்லையா? மோட்டாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: சார், ஓட்டுநர் சீட்டில் எந்த சுவிட்சை அழுத்தினாலும் சத்தமே இல்லை. மோட்டார் போய்விட்டதா?

பதில்: ஒரு சீட்டுக்குள் மூன்று நான்கு மோட்டார்கள் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் கெடாது. எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: பியூஸ், எர்த் (கரண்ட் பேட்டரி நெகடிவுக்குத் திரும்பும் இணைப்பு), சீட்டுக்கு அடியில் ஒயர்களை இணைக்கும் கப்ளர். சில கார்களில் பியூஸுக்குப் பதிலாக, சூடானால் துண்டித்து ஆறியதும் தானே சேரும் சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். காருக்குள் தண்ணீர் சிந்தியிருந்தால் கப்ளர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: என் சீட் முன்னால் போகிறது, பின்னால் வர மாட்டேன் என்கிறது. சீட் நிலையை நினைவில் வைக்கும் மெமரி எல்லாம் கிடையாது.

பதில்: முதலில் சீட் நகரும் ரெயிலில் பாட்டில் ஏதும் சிக்கியிருக்கிறதா பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சுவிட்ச்தான். மோட்டாருக்கு இரண்டே ஒயர். சும்மா இருக்கும்போது இரண்டுமே சுவிட்ச் வழியாக எர்த்தில் இருக்கும். அழுத்தும் திசையைப் பொறுத்து ஏதோ ஒன்றுக்கு 12 வோல்ட் மாறும். ஒரு திசையில் நன்றாக ஓடுகிறது என்றாலே மோட்டாரும் இரண்டு ஒயரும் சரி. சுவிட்சுக்குள் ஒரு காண்டாக்ட் கருகியிருக்கும்.

கேள்வி: அண்ணா, கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன், 12 வோல்ட் வருகிறது. அப்படியென்றால் மோட்டார்தானே?

பதில்: அவசரப்பட்டு ஆர்டர் போடாதீர்கள் தம்பி. நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போவது இந்த இடத்தில்தான். மீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லாததற்குச் சமம். ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரும் அதில் 12 காட்டும். மோட்டார் பல ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒயரின் வண்டவாளம் தெரியும். கப்ளரை மாட்டி, அதன் பின்பக்கமாக மீட்டர் முனைகளைச் செருகி, சுவிட்சை அழுத்திக்கொண்டே மோட்டாரின் இரு பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். 12க்குப் பக்கத்தில் நின்றும் ஓடாவிட்டால் மோட்டாரையோ சிக்கிய கியரையோ பார்க்கலாம். ஐந்து, ஆறு என்று விழுந்தால் வழியில் தடை இருக்கிறது. சுவிட்சை அப்படியே அழுத்தியபடி சீட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் இன்ஜினை நிறுத்தி, உள்விளக்கைப் போட்டுவிட்டு சுவிட்சை அழுத்தலாம். பல்பு லேசாக மங்கினால் கரண்ட் போகிறது, மோட்டார் திணறுகிறது. மங்கவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கலாம். எல்ஈடி விளக்கில் இதை நம்ப வேண்டாம்.

கேள்வி: சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் ஒன்று இருக்கிறதே, அதையும் மீட்டரில் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது ஏர்பேக் அல்லது பெல்ட் பிரிடென்ஷனர் (விபத்தில் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி) ஒயர். மீட்டரைத் தடை அளக்கும் ஓம்ஸில் வைத்தால் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. சீட்டையே கழற்றுவதானால் பேட்டரி நெகடிவை எடுத்துவிட்டு, கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். மஞ்சள் கப்ளர் கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும், கோளாறைக் குறிக்கும் கோடும் (code) பதிவாகும்.

கேள்வி: ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் நின்றுவிடுகிறது.

பதில்: சீட்டோடு சேர்ந்து நகரும் ஒயர் கட்டு ரெயிலில் உரசி அறுந்திருக்கும். சுவிட்சை அழுத்தியபடியே அந்த ஒயர் கட்டை அசைத்துப் பாருங்கள், விரல்களை ரெயிலுக்குள் விடாமல்.

கேள்வி: மெமரி சீட். அழுத்தினால் ஒரு துளி நகர்ந்து நிற்கிறது, மறுபடி அழுத்தினால் இன்னொரு துளி.

பதில்: மோட்டார் சுற்றுவதை உணரும் ஹால் சென்சாரின் துடிப்பு, சீட்டைக் கட்டுப்படுத்தும் மாட்யூலுக்கு வரவில்லை. மோட்டார் சுற்றுவதே தெரியாததால் அது பயந்து நிறுத்துகிறது. பேட்டரி மாற்றியபின் வந்ததென்றால் சீட்டை இரு கோடிக்கும் ஓட்டி அளவைக் கற்றுக்கொடுங்கள். முறை காருக்குக் கார் மாறும். அதற்கும் அடங்காவிட்டால் கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு எந்த மோட்டாரின் சென்சார் என்று பார்த்து, அதன் சிறு ஒயர்களைச் சோதியுங்கள்.