கணினி இயக்கும் வீட்டுத் தொலைநோக்கியால் விண்வெளி நிலையத்தைத் துரத்திப் பிடிக்க முடியுமா?

முடியும். நான் பிடித்திருக்கிறேன். "மொட்டை மாடியில் நடக்கிற காரியமா இது?" என்று என்னிடமும் கேட்டார்கள். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடமும் என்னுடையதைப் போல 8 அங்குலத் தொலைநோக்கி, மோட்டார் வைத்த தாங்கி, மடிக்கணினி இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் ஓடுகிறது. உச்சிக்கு அருகே வந்தால் ஒரே நொடியில் இரண்டு முழு நிலா அகலத்தைக் கடந்துவிடும். நாம் கண் வைத்துப் பார்க்கும் முனையில் மாட்டிய என் 25 மி.மீ. கண்வில்லையில் தெரியும் வானமோ ஒரு நிலாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கணினிக் கடிகாரம் ஒரு நொடி பிசகினாலே நிலையம் கைநழுவிப் போகும்.

என்னைக் கவிழ்த்தது கடிகாரம் அல்ல. சென்னையில் நான்கு மாலைகள் தொடர்ந்து முயன்றேன். மோட்டார் கிர்ரென்று திரும்பும். வெறும் கண்ணுக்கே நிலையம் பளிச்சென்று போகும். கண்வில்லையில் மட்டும் இருட்டு. கடைசியில் மென்பொருளில் இடம் கேட்கும் பெட்டியைப் பார்த்தேன். கைப்பேசி காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகையான 13.08, 80.27 என்ற தசம எண்களை 13 டிகிரி 8 நிமிடம், 80 டிகிரி 27 நிமிடம் என்று அடித்திருந்தேன். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் சரியானவை 5 நிமிடமும் 16 நிமிடமும். வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, வங்கக் கடலில் நிற்பவனுக்குக் கணினி வழி காட்டிக்கொண்டிருந்தது.

"மென்பொருள்தானே துரத்துகிறது, இதில் உங்கள் திறமை என்ன?" என்று கேட்க ஆள் வருவார்கள். சுற்றுப்பாதையைச் சொல்லும் இருவரித் தரவை அன்றன்றே புதிதாக இறக்க வேண்டும். பழைய தரவை நம்பினால் நிலையம் சொன்ன நொடிக்கு வராது. அத்தனையும் சரியாக இருந்தாலும், கடைசித் திருத்தம் அம்புக்குறி விசையில் இருக்கும் விரலுடையது. சரியாக உச்சியைக் கடக்கும் நாட்களை விட்டுவிடுங்கள். அங்கே தாங்கி கண்ணிமைப்பதற்குள் அரை வட்டம் திரும்ப வேண்டும், மோட்டாரால் ஆகாது. 60, 70 டிகிரி உயரம் வந்தால் போதும்.

   

ஐந்தாம் மாலை, எண்களைத் திருத்திய பிறகு, நிலையம் கண்வில்லைக்குள் வந்து நின்றது. நடுவில் வெள்ளை உடல், இருபுறமும் தேன் நிறச் சூரியத் தகடுகள். விசையை அழுத்தி அழுத்திப் பதினொரு நொடி பிடித்து வைத்திருந்தேன். பிறகு பூமியின் நிழலுக்குள் சிவந்து மறைந்தது.