கல்லூரி மாணவர்களின் ஆன்மிக நலனை எப்படி வளர்க்கலாம்?

மலேசியாவில், பகாவ் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை வேலைகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். நீலாய், சிரம்பான் என்று வெளியே தங்கிப் படிக்கிற பிள்ளைகள் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் கோயிலுக்கும் வருவார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்: முதலில் அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். உபதேசம் அப்புறம்.

நாங்களும் உபதேசத்தில்தான் ஆரம்பித்தோம். பேச்சாளரை அழைத்து, நாற்காலி போட்டு, இரண்டு மணி நேரம். பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள், மறுமுறை வரவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளி, இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவனிடம் குத்துவிளக்கையும் கொஞ்சம் புளியையும் கொடுத்தேன். அவன் அப்பா தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறவர். விளக்கின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்து இறுகியிருந்தது. கால் மணி நேரம் பேசாமல் தேய்த்தான். பிறகு தலை நிமிராமலே, "அண்ணே, ரெண்டு பேப்பர் ஃபெயில் ஆயிருச்சு. வீட்டுல இன்னும் சொல்லல" என்றான். எதிரே உட்காரவைத்து என்ன கவலை என்று கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது. நான் எதுவும் சொல்லவில்லை, விளக்கைக் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த வெள்ளி தானாகவே வந்தான்.

சுவாமி சிவானந்தரைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் 1913-இல் மலாயாவுக்கு வந்து, இதே நெகிரி செம்பிலானில், சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர். சுமார் பத்து வருடம் இந்த மண்ணில் வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். நம் கொள்ளுத்தாத்தா காலத்துத் தோட்டத்து ஆட்களுக்கு நாடி பிடித்துப் பார்த்தவர் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

திருமுறை, தியானம் எல்லாம் இதற்குப் பிறகு வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று ஒரு பிள்ளை பேசினால், அர்ச்சனை செய்து விபூதி பூசி அனுப்பிவிடாதீர்கள். கல்லூரி ஆலோசகரிடமோ கிளினிக்கிற்கோ உடனே கூட்டிப் போங்கள். நடு இரவென்றால், மனம் உடைந்தவர்களிடம் போனில் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 24 மணி நேரமும் போன் எடுப்பார்கள். தனியாக அனுப்ப வேண்டாம். எங்கள் கோயிலில் கார் வைத்திருக்கும் இரண்டு பேர் இதற்கென்றே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.