'சவுண்ட்' ஒரு சொல் அல்ல, நான்கு சொற்கள்

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் இதழ் ஒன்றுக்கு ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்து வருகிறேன். தும்பா ஏவுதளம் பற்றிய கட்டுரையில் 'சவுண்டிங் ராக்கெட்' என்பதை 'ஒலி ராக்கெட்' என்று எழுதியிருந்தேன். அது தவறு என்று ஆசிரியர் திருத்தினார். 'சவுண்ட் மைண்ட்', 'சவுண்ட் ஸ்லீப்' போன்ற தொடர்களிலும் ஒலி இல்லை. ஒரே சொல்லுக்கு இத்தனை தொடர்பற்ற பொருள்கள் வந்தது எப்படி? மொழிபெயர்க்கும்போது எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் ஆசிரியர் திருத்தியது சரிதான். 'வளிமண்டல ஆய்வு ராக்கெட்' என்று எழுதுங்கள். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்-அப்பாச்சி இவ்வகையைச் சேர்ந்ததே. பலூன்கள் எட்ட முடியாததும், செயற்கைக்கோள்கள் நிலைத்துச் சுற்ற முடியாததுமான இடைப்பட்ட உயரத்திற்குச் சென்று, அங்குள்ள காற்றின் இயல்பை அளந்துவிட்டுக் கீழே விழுவதே அதன் பணி.

'ஒரே சொல்' என்று நீங்கள் கருதியதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. தமிழில் 'திங்கள்' என்பது நிலவு, மாதம், கிழமை ஆகிய மூன்றையும் குறிக்கிறது. அது ஒரே சொல், பொருள்தான் கிளைத்தது. ஆனால் விளையாடும் பந்துக்கும், உறவினரைக் குறிக்க வடமொழியிலிருந்து வந்த 'பந்து'வுக்கும் எந்த உறவும் இல்லை; வடிவம் மட்டுமே ஒன்று. ஆங்கிலத்தின் 'சவுண்ட்' இந்த இரண்டாம் வகை. வெவ்வேறு வழிகளில் வந்த நான்கு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒலியைக் குறிப்பது லத்தீனின் 'சோனுஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வடமொழியின் 'ஸ்வன' அதற்கு உறவு. இடைக்கால ஆங்கிலத்தில் அது 'சூன்' என்றே ஒலித்தது, இறுதியில் 'ட்' கிடையாது. 'ன்' ஒலித்து முடிக்கும் இடத்தில் நாக்கு இயல்பாகச் சேர்த்துக்கொண்ட மெய், 15ஆம் நூற்றாண்டு முதல் எழுத்திலும் ஏறிவிட்டது. அந்த ஒரு மெய் சேராதிருந்தால் உங்கள் குழப்பத்தில் பாதி எழுந்திருக்காது.

நலம், உறுதி என்ற பொருள் தருவது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். பழைய ஆங்கிலத்தில் 'கெசுண்ட்'. ஜெர்மன் மொழியில் இன்றும் அதே 'கெசுண்ட்' நலமுள்ளவரைக் குறிக்கிறது. முன்னொட்டு உதிர்ந்து, உயிரொலி மாறி 'சவுண்ட்' ஆயிற்று. ஜெர்மனின் 'ஹுண்ட்' ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்' ஆக நிற்பதும் இதே மாற்றத்தால்தான். ஆழ்ந்த உறக்கம், பழுதற்ற வாதம், நிதி நிலையில் வலுவான நிறுவனம் ஆகிய எல்லாவற்றிலும் வருவது இச்சொல்லே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 12ஆம் பிரிவில், 'சவுண்ட் மைண்ட்' எது என்று விளக்குகிறது: ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொள்ளவும், தன் நலன்களை அது எவ்வாறு பாதிக்கும் என்று பகுத்தறிந்து தீர்மானிக்கவும் ஒருவருக்குத் திறன் இருக்க வேண்டும். ஆகவே 'தெளிந்த மனநிலை' என்பது பொருந்தும். நம் பேச்சு வழக்கே இந்த இரண்டு சொற்களையும் தனித்தனியாகக் கடன் வாங்கியிருப்பதைக் கவனியுங்கள்: திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர் 'சவுண்ட் சர்வீஸ்', வசதி படைத்தவர் 'சவுண்ட் பார்ட்டி'.

மூன்றாவது சொல் நிலப்பெயர்களில் மட்டுமே உங்களை எதிர்கொள்ளும். நீந்துதலோடு உறவுடைய, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் 'சுண்ட்' நீரிணையைக் குறித்தது. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள ஓரெசுண்ட், அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் ஆகிய பெயர்களில் அது இருக்கிறது. பெயரை அப்படியே எழுதுங்கள்.

நான்காவதுதான் உங்கள் ராக்கெட்டுக்கு உரியது. பிரெஞ்சின் 'சோந்தே' என்ற வினைக்கு நீரின் ஆழத்தை அளத்தல் என்று பொருள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் ஜெர்மானிய 'சுண்ட்'டிலிருந்தே பிறந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆயினும் அகராதிகள் இதைத் தனிச் சொல்லாகவே வைக்கின்றன. மாலுமிகள் கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். கயிறு எத்தனை பாகம் (விரித்த இரு கைகளின் நீளம்) இறங்கியது என்பது ஆழத்தைச் சொல்லும், குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் ஒட்டி வரும் மணலோ சேறோ அடித்தரையின் தன்மையைச் சொல்லும். கடலுக்குள் குண்டு இறக்கியது போல வளிமண்டலத்துக்குள் கருவியை ஏற்றியதால் ராக்கெட்டுக்கும் அப்பெயர் வந்தது. ஒருவர் மனத்தில் இருப்பதை மெல்ல அறிய முயல்வதையும் ஆங்கிலத்தில் இவ்வினையே குறிக்கிறது. தமிழில் நாம் 'ஆளை ஆழம் பார்க்கிறான்' என்று சொல்வதும் அதே உருவகம். இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டீர்கள். பெயர்ச்சொல்லுக்கு முன் அடைமொழியாக வந்தால், நலம், உறுதி என்ற பொருளைப் பொருத்திப் பாருங்கள். 'சவுண்ட் வேவ்' போல இரு பெயர்கள் இணைந்திருந்தால் அது ஒலி. ஆழம், அளவீடு, கருவி பற்றிய பேச்சில் வரும் 'சவுண்டிங்' பெரும்பாலும் நான்காவது சொல். 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் 'சவுண்டிங் போர்டு'. பேசுபவரின் குரலைக் கூட்டத்தை நோக்கித் திருப்ப, தேவாலயங்களில் பிரசங்க மேடைக்கு மேல் பொருத்தப்பட்ட பலகை அது. அங்கே ஒலிதான் பொருள். மாறாக 'எக்கோ சவுண்டர்' ஒலியைப் பயன்படுத்தும் கருவியாக இருந்தும், அதன் பெயரிலுள்ள 'சவுண்டர்' ஆழம் அளப்பதையே சொல்கிறது. 'எதிரொலி ஆழமானி' என்று எழுதலாம். 'சவுண்ட் அவுட்' இன்னும் கவனம் கேட்பது: பின்னால் எழுத்தோ சொல்லோ வந்தால் ஒலித்துப் படித்தல், ஆள் வந்தால் ஆழம் பார்த்தல்.

ஐயம் வரும்போது பெரிய ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து, தலைச்சொல்லின் அருகில் உள்ள சிறிய எண்களைப் பாருங்கள். வேறு வேறு பிறப்புடைய சொற்களுக்கு அவை தனித்தனி எண் இடுகின்றன. முதலில் எந்த எண்ணுக்கு உரிய சொல் என்று தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே அதற்குள் இருக்கும் பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.