திருநெல்வேலியில் இருப்பவர் ஷாம்பெயினை எங்கே வாங்குவது நல்லது?

தம்பியின் பணி உயர்வைக் கொண்டாட ஒரு பாட்டில் ஷாம்பெயின் வேண்டும், அதை எங்கே குறைந்த விலைக்கு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைப் பார்ப்பதற்கு முன், பாட்டிலை வெயிலும் வெளிச்சமும் படாமல் வைத்திருக்கும் கடை எது என்று பாருங்கள் என்பதே என் பதில். வளைகுடா நாட்டு விடுதி ஒன்றின் மதுக்கிடங்குக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாக இருந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இவருக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொடுத்துக் கெட்டுப்போன சரக்கோடு வீடு திரும்பக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

பிரான்சின் வடகிழக்கிலுள்ள ஷாம்பெயின் வட்டாரத்தில் இந்த ஒயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, ஒட்டுத்தாளில் திராட்சை அறுவடை ஆண்டு குறிப்பிடாத வகையானால் குறைந்தது 15 மாதங்களும், ஆண்டு குறிப்பிட்ட வகையானால் குறைந்தது 3 ஆண்டுகளும் குளிர்ந்த நிலவறைகளில் கிடந்த பிறகே விற்பனைக்கு வருகிறது. அப்படி இருட்டிலும் குளிரிலும் வளர்ந்த சரக்கு நம் சித்திரை வெயிலைத் தாங்காது. பொழுது ஏறிய பின் பதநீரை வாங்க நம் ஊரில் எவரும் துணிய மாட்டார்கள். இதற்கும் அதே கவனம் வேண்டும்.

என் அக்காள் மகளுக்கு வேலை கிடைத்தபோது, அத்தான் வெளிநாட்டிலிருந்து திரும்பும் வழியில் ஒரு விமான நிலையக் கடையில் ஷாம்பெயின் வாங்கி வந்தார். வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது திறந்தோம். கோப்பையிலிருந்து வேகவைத்த முட்டைக்கோசின் வாடை எழுந்தது. கடையில் நின்று அத்தான் எடுத்திருந்த புகைப்படத்தைப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. அது நிறமற்ற கண்ணாடிப் பாட்டில். கண்ணைப் பறிக்கும் விளக்குகளுக்குக் கீழே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் ஒயினில் கந்தக வாடை பிறக்கும். லூயி ரோடரர் நிறுவனம் நிறமற்ற பாட்டிலில் வரும் தன் கிறிஸ்டல் ஷாம்பெயினைப் பொன்னிறத் தாளில் சுற்றி விற்பது இதனால்தான். கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினோம்; திறந்த பாட்டிலைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. திறக்காமல் வாடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. பணம் போனதைவிட, “ஷாம்பெயின் என்றால் இவ்வளவுதானா?” என்று அத்தான் கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் நிலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மதுக்கடைகள் 2003 முதல் டாஸ்மாக் வசமே இருப்பதால், வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக இணையத்தில் வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். புதுச்சேரியில் விலை குறைவு என்று அங்கிருந்து கொண்டுவருவதும் குற்றம். உயர்விலை மதுவகைகளை விற்கும் டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் கேளுங்கள். குளிரூட்டிய கடையா, ஷாம்பெயின் அடிக்கடி விற்கிறதா என்று விசாரியுங்கள். கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்த பாட்டிலை விட்டுவிட்டு, “அண்ணாச்சி, உள்ளே பெட்டியில் இருப்பதை எடுத்துத் தாருங்கள்” என்று தயங்காமல் கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் வண்டலை நீக்கி இறுதித் தக்கை அடைத்த நாளைப் பின்பக்க ஒட்டுத்தாளில் அச்சிடுகின்றன. ஆண்டு குறிப்பிடாத வகையில் அந்த நாள் மிகப் பழையதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

உறவினர் எவரேனும் வெளிநாட்டிலிருந்து திருவனந்தபுரம் வழியாக வருவதாக இருந்தால், அங்கே விமான நிலையத்தில் உள்ள தீர்வையற்ற (டியூட்டி ஃப்ரீ) கடை இன்னொரு வழி. ஒரு பயணிக்கு 2 லிட்டர் வரை அனுமதி உண்டு என்பதால் 750 மில்லி லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கலாம். ரசீதைப் பாட்டிலோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். நாகர்கோவில் வழியாகக் காரில் வரும்போது பாட்டில் டிக்கிக்குள் கிடந்தால் நல்ல கடையில் வாங்கியும் பயனில்லை. ஈரத்துண்டு சுற்றி, குளிரூட்டி ஓடும் இருக்கைப் பகுதியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

இவை எதுவும் கைகூடாவிட்டால், பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கும் இதே முறையில் நாசிக் பகுதியில் தயாராகும் சூலா அல்லது சாண்டன் நிறுவனத்தின் நுரைக்கும் ஒயினை வாங்குங்கள். ஷாம்பெயின் வட்டாரத்தில் தயாராகாததால் அது ஷாம்பெயின் ஆகாது என்று என்னைத் திருத்த வருபவர்களுக்குச் சொல்கிறேன்: ஆகாதுதான், ஆனால் வெயிலில் வெந்த ஷாம்பெயினைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கே வாங்கினாலும் விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு மட்டும் வாங்கி, அதுவரை குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருங்கள். உறைபெட்டியில் வைத்தால் பாட்டில் வெடிக்கக்கூடும்.