போனைப் பிடித்திருக்கும் கை

கேள்வி: எனக்கு 64 வயது, கணவருக்கு 67. பிற்காலப் பரிசுத்தவான்கள் (மார்மன்) சபையில் வயதான கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் மூத்த தம்பதி ஊழியத்துக்காக 18 மாதம் வெளிநாடு வந்திருக்கிறோம், 11 மாதம் முடிந்துவிட்டது. காலையில் மிஷன் அலுவலக வேலை. மதியம் இளம் ஊழியக்காரர்கள் தங்கியிருக்கும் வீடுகளைப் பார்த்து வருவது, உடம்பு சரியில்லாத பிள்ளைகளை டாக்டரிடம் கூட்டிப்போவது. சாயங்காலம், சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பங்களைச் சந்திப்போம். போன வாரம்கூட ஒரு பையனின் ஷூ அடியில் பிளந்திருந்ததைப் பார்த்து நானே கூட்டிப்போய்ப் புதிது வாங்கிக் கொடுத்தேன். என் மகளுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் இரண்டாவது பிரசவம். "நீ பக்கத்தில் இல்லையே" என்று அழுகிறாள். கணவரோ, கலப்பையில் கை வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பைபிள் வசனம் சொல்கிறார். நான் போகலாமா? அம்மாவைப் பற்றிக் கவலை இல்லை. 88 வயது, கீழே விழுந்ததிலிருந்து படுக்கைதான், தம்பி மனைவி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். போனை நீட்டிப் பிடித்திருக்கும் அவள் கை மட்டும் ஓரத்தில் தெரியும்.

பதில்: சகோதரி, மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. முக்கியமான குடும்பக் காரியங்களுக்காக மூத்த தம்பதிகள் சொந்தச் செலவில் சில நாள் வீட்டுக்குப் போய்வர உங்கள் சபை 2011-லிருந்தே இடம் கொடுத்திருக்கிறது, பத்து நாள் போல. மிஷன் தலைவரிடம் கேட்டால் போதும். மகளுக்கு இது இரண்டாவது பிரசவம், அவளுக்குக் கணவன் இருக்கிறான், ஒருமுறை பெற்று வளர்த்த அனுபவமும் இருக்கிறது. நீங்கள் போனால் சந்தோஷப்படுவாள், போகாவிட்டாலும் சமாளித்துக்கொள்வாள்.

நான் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசி வரிக்காகத்தான். அந்தக் கை யாருடையது? அதற்கு ஒரு பெயர் இருக்குமே, முகம் இருக்குமே. 11 மாதமாக ஞாயிறு தவறாமல் உங்கள் அம்மாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை நீங்கள் ஒரு தடவையாவது "போனைத் திருப்பு, உன்னைப் பார்க்கணும்" என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் "கை மட்டும் தெரியும்" என்று எழுதியிருக்க மாட்டீர்கள். யாரோ பெற்ற பையனின் ஷூ அடியில் பிளந்திருப்பது உங்கள் கண்ணில் படுகிறது. ஆகவே பார்க்கத் தெரியாதவர் இல்லை நீங்கள். வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவுதான், அதுதான் எனக்குக் கோபம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ராத்திரியும் அப்படித்தான். துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வாய் திறக்க மறுக்கிறவரிடம் கெஞ்ச வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அழைப்பு வருவதற்குள் அம்மாவுக்கு முகம் கழுவித் தலைவாரி, நீங்கள் பார்த்து மனசு நோகாதபடி தயார் செய்கிறவரும் அவர்தான். அதனால்தான் உங்களுக்குக் கவலை இல்லை! உங்கள் கவலையையும் சேர்த்து அவர் சுமந்துகொண்டிருக்கிறார்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. என் அம்மாவின் கடைசி இரண்டு வருஷம் என் அண்ணி கையில்தான் போயிற்று. நான் வேறு ஊரில் வேலை, வேலை என்று இருந்துவிட்டு வாராவாரம் போன் செய்தேன், "அம்மா சாப்பிட்டாங்களா அண்ணி" என்று கேட்டேன், வைத்துவிட்டேன். அண்ணியின் மணிக்கட்டில் சுடுநீர் பட்ட பெரிய தழும்பு இருந்ததை அம்மாவை எடுத்த அன்றைக்குத்தான் பார்த்தேன். எப்போது என்று கேட்டேன். ஆறு மாதம் ஆயிற்று என்றார். அந்த ஆறு மாதமும் நான் வாராவாரம் அவரோடு பேசியிருக்கிறேன்.

உங்கள் கணவர் கலப்பை வசனத்தைச் சொன்னார் என்றீர்கள். அது லூக்காவில் இருக்கிறது. மாற்கு சுவிசேஷம் 7-ஆம் அதிகாரத்தையும் அவரோடு உட்கார்ந்து படியுங்கள், காலையில் இருவரும் சேர்ந்துதானே படிப்பீர்கள். பெற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லித் தகப்பனுக்கும் தாய்க்கும் ஒன்றும் செய்யாமல் விட்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று அங்கே இருக்கிறது. உங்கள் 18 மாதம் அப்படிப்பட்ட காணிக்கையாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். தம்பதிகள் 6 மாதம், 12 மாதம், 18 மாதம், 23 மாதம் என்று தாங்களே தேர்ந்தெடுக்கலாம். அம்மா படுக்கையில் இருக்கும்போது எதற்காக 18 என்று குறித்தீர்கள்? அவர் விழுந்தது நீங்கள் கிளம்பிய பிறகு என்றால், அப்போது எந்தத் திட்டத்தையாவது மாற்றினீர்களா? இளம் ஊழியக்காரர்கள் காலை ஆறரைக்கு எழுந்து கடுமையான அட்டவணைப்படி நடக்க வேண்டியவர்கள், 2019 வரை அவர்கள் வீட்டாரோடு வருஷத்துக்கு இரண்டே தடவைதான் பேச முடிந்தது. அந்தக் கட்டுப்பாடு உங்கள் வயதுக்காரர்களுக்குக் கிடையாது. புதன்கிழமை ராத்திரிகூடப் பேசலாம், யாரும் தடுக்கவில்லை.

ஊழியத்துக்கான செலவில் பெரும்பகுதி உங்கள் கைப்பணம். வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் மாதக் கணக்குப் போட்டுத்தான் கிளம்பியிருப்பீர்கள். அந்தக் கணக்கில் அம்மாவுக்கு ராத்திரி ஆள் வைக்க ஒரு வரி இருந்ததா? இல்லையென்றால் இந்த மாதத்திலிருந்து சேருங்கள். ஒரு சௌகரியத்தைக் குறைத்தாவது சேருங்கள்.

உங்கள் தம்பியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவரும் அந்த வயிற்றில் பிறந்தவர்தானே? பெற்ற தாயைப் பார்க்கிற கடமை பெற்ற பிள்ளைகளுடையது. மருமகள் செய்வது அன்பினால் செய்வது, அதை வேறு யாரும் அவர்மேல் கடமையாகக் கட்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், எத்தனை பேர் கோபித்து எழுதினாலும் சரி.

அந்தப் பத்து நாளைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் அம்மா இருக்கிற வீட்டுக்குப் போங்கள். மகளை நடுவில் ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். போன அன்றைக்கே தம்பி மனைவியை அவர் பிறந்த வீட்டுக்கோ அவர் விரும்பும் இடத்துக்கோ அனுப்பிவிட்டு, நீங்களும் உங்கள் கணவரும் தம்பியும் முறை போட்டு ராத்திரியில் எழுந்திருங்கள். கணவரும் கட்டாயம் வர வேண்டும். மீதி மாதங்களை அங்கேயே முடிப்பதா, வீட்டில் இருந்தபடி செய்யும் சேவை ஊழியத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதா என்பதைப் பத்தாவது நாள் பேசுங்கள், அதற்கு முன்னால் பேச வேண்டாம்.

அதற்கெல்லாம் நாளாகும். ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றைக்கே கூப்பிடுங்கள். அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், "அம்மாவிடம் கொடு" என்று சொல்ல வழியில்லாமல் இருக்கும். போனை எதன் மேலாவது சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், அந்தக் கை கொஞ்சம் கீழே இறங்கட்டும். ராத்திரி எத்தனை தடவை எழுந்தாய் என்று கேளுங்கள். உடனே நன்றி சொல்லாதீர்கள், ஜெபித்துக்கொள்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை கேளுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும்.